இப்போதுள்ள நிலையில்

1763 பிப்ரவரி 10 அன்று பாரீஸில் கையெழுத்தான உடன்படிக்கையின் பதினோராம் பிரிவு இந்தியாவைப் பற்றியது. 1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோழமண்டலம், ஒரிசா, மலபார் கரைகளிலும் வங்காளத்திலும் பிரெஞ்சு அரசிடம் இருந்த வணிகத் தலங்களை இங்கிலாந்து திருப்பிக் கொடுக்கும் என்று அது கூறுகிறது. கூறும்போதே நடுவில் ஒரு நிபந்தனையையும் சொருகுகிறது: அவை இப்போது எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையில். அன்று புதுச்சேரி இருந்த நிலையை அறிந்தவர்களுக்கு அந்தச் சில சொற்களின் கனம் விளங்கும். கோட்டை தரைமட்டம். ஆளுநர் மாளிகை தரைமட்டம். தேவாலயங்களும் கிடங்குகளும் வீடுகளும் கல்லும் சுண்ணாம்புமாகக் குவிந்து கிடந்தன. இடித்தவர்கள் வேறு யாருமல்லர், திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டவர்களின் படைதான். வாங்கிக்கொண்டவர்களும் அந்த நிபந்தனைக்கு ஒப்பினார்கள். இரண்டு அரசுகளின் கணக்கும் அத்தோடு நேராயிற்று. அந்த இடிபாடுகளுக்குள் வீடு வைத்திருந்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

புதுச்சேரியைப் போல இத்தனை முறை பறிக்கப்பட்டு இத்தனை முறை திருப்பித் தரப்பட்ட ஊர் தமிழ்க் கரையில் வேறு இல்லை. 1699, 1765, 1785, 1816 என நான்கு முறை அது ஒரு ஐரோப்பிய அரசின் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டது. பாடநூல்கள் இதைக் கைமாறல்களின் அட்டவணையாகத் தருகின்றன. அட்டவணையில் தெரியாத ஒன்று இருக்கிறது. இந்த நான்கு முறையும் திரும்பியது ஆளும் உரிமை மட்டுமே. ஊரை உண்மையில் இழந்தவர்கள் நெசவாளர்கள், துபாஷிகள், செட்டிகள், தோணிக்காரர்கள், உப்பளத்தார். அவர்கள் இழந்ததற்கு ஈடு என்ற பேச்சே எழவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்க முடியும் என்று இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் காலத்து ஆவணங்களே அதை மறுக்கின்றன.

முதல் ஒப்படைப்பிலிருந்து தொடங்கலாம். பீஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகண்டபுரத்தை ஆண்ட ஷேர்கான் லோடியின் இசைவோடுதான் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே கால் ஊன்றியது. 1674 முதல் ஊரை வளர்த்தவர் பிரான்சுவா மர்த்தேன். 1693இல் டச்சுக்காரர்கள் கப்பற்படையோடு வந்து முற்றுகையிட்டு அவரைப் பணிய வைத்தார்கள். செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம் பணம் கொடுத்து ஊருக்கு உரிமையும் வாங்கிக்கொண்டார்கள். ஆறாண்டுகளில் அரண்களைப் பலப்படுத்தினார்கள், தெருக்களைக் கட்டம் கட்டமாக அளந்து வரைபடம் போட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் பிரெஞ்சு அழகு என்று வியக்கும் நேர்க்கோட்டுத் தெருக்களின் மூல வரைவு டச்சுக்காரர்களுடையது. 1697இல் ரிஸ்விக் உடன்படிக்கை ஊரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. தாங்கள் செய்த கட்டுமானச் செலவைக் கேட்டார்கள். 1699இல் 16,000 வராகன் கொடுத்துத்தான் மர்த்தேன் ஊரைத் திரும்பப் பெற்றார். பிறர் நிலத்தைப் பறித்து வைத்திருந்தவன், பறித்த காலத்தில் கட்டிய மதிலுக்கு விலை கேட்டான், விலை கொடுக்கவும் பட்டது என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நட்டத்தையும் செலவையும் எண்ணிப் பார்த்துப் பணமாக்கித் தீர்க்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கரையில் நடைமுறையில் இருந்தது என்பதற்கு இது சான்று. யாருக்காக எண்ணினார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு ஊரை இன்னொரு ஊருக்கு ஈடாக வைப்பதும் இதே மனப்போக்கிலிருந்து வந்தது. 1746இல் லா பூர்தொன்னே பிடித்த சென்னையை 1748ஆம் ஆண்டு எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்திடம் கொடுத்தார்கள். அதற்கு மாற்றாக அவர்களுக்குக் கிடைத்தது வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவிலிருந்த லூயிபூர் கோட்டை. சென்னையைக் கையில் வைத்திருந்த காலத்தில், கோட்டைக்கு வடபுறம் மதிலை ஒட்டியிருந்த கருப்பர் நகரின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்திருந்தார்கள். லூயிபூருக்கும் அந்தத் தெருக்காரர்களுக்கும் என்ன உறவு?

1761க்கு வருவோம். ஓராண்டாக இறுகிவந்த வளையத்தில், 1760 செப்டம்பரில் உழவர்கரைப் பக்கத்துக் காவல் அரண்களும் நகரைச் சுற்றி வளர்க்கப்பட்டிருந்த முள்வேலியும் ஆங்கிலேயர் வசமாயின. உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, உணவை மிச்சப்படுத்த, ஊரிலிருந்த தமிழ் மக்களில் ஏறத்தாழ 1,400 பேரை வெளியேற்றினார். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலப் படை அவர்களை வெளியே விடாமல் திருப்பி விரட்டியது. கோட்டை வாயிலும் திறக்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே எட்டு நாள், வயலில் கிடைத்த வேரையும் புல்லையும் தின்று அவர்கள் அலைந்தார்கள். அதன்பிறகே போக விட்டார்கள். இதை எழுதி வைத்தவர் ஆங்கிலக் கம்பெனியின் வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம், பிரெஞ்சுக்காரரைக் குறை சொல்வதற்காக மட்டும் இதைச் சொன்னார் என்று தள்ள முடியாது, ஏனென்றால் தம் பக்கத்துப் படை விரட்டியதையும் அவரே பதிந்திருக்கிறார். 1761 ஜனவரி 12ஆம் தேதி, பிரெஞ்சு அரசின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். இருபத்தைந்து ஆண்டு காலம் நாள்தோறும் ஊர் நடப்பை எழுதிவந்த அந்தக் கை நின்ற நான்காம் நாள், ஜனவரி 16இல், ஊர் சரணடைந்தது.

சரணடைந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். சென்னை ஆளுநர் பிகட், ஊரைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் படைகளுக்குப் பணம் தர முடியாது என்று ஆங்கிலப் படைத் தளபதி அயர் கூட்டை நெருக்கி ஊரை வாங்கிக்கொண்டார். பிறகு இடிப்பு தொடங்கியது. கோட்டை மட்டுமல்ல, ஊரும் இடிந்தது. இதற்கு அவர்கள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்: 1758இல் லாலி கடலூரில் புனித டேவிட் கோட்டையைத் தகர்த்தார், ஆகவே இது பதிலடி. அரசன் செய்ததற்கு அரசனைத் தண்டிப்பது என்றே வைத்துக்கொண்டாலும், கடலூர்க் கோட்டையைத் தகர்த்ததில் புதுச்சேரி நெசவுத் தெருவுக்குப் பங்கு ஏது? வரலாற்றாசிரியர்கள் பலர் இந்த இடத்தில் பிரெஞ்சு அதிகாரத்தின் வீழ்ச்சி பற்றியே எழுதுகிறார்கள். வீழ்ந்தது அதிகாரம் மட்டுமல்ல.

1765 ஏப்ரலில் ழான் லோ தெ லொரிஸ்தோன் ஊரைத் திரும்பப் பெற வந்தபோது அவர் பெற்றது மண்ணும் கற்குவியலும்தான். பழைய தெருக் கோடுகளின் மீதே வீடுகள் மறுபடி எழும்பின. பிரெஞ்சு அரசு பொருள் வளத்தில் நொடித்திருந்த காலம் அது. தமிழர் பகுதியில் வீடுகளை எழுப்பியவர்கள், சிதறிப்போய்த் திரும்பிவந்த குடிகளே. இங்கே முதல் மறுப்பு எழும். ஊர் திரும்பக் கிடைத்ததால்தானே அவர்கள் திரும்பி வந்தார்கள், அப்படியானால் ஒப்படைப்பின் பயன் அவர்களையும் சேர்ந்ததே என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை உண்டு. பிரெஞ்சுக் கொடி ஏறியதும் துணிக் கொள்முதல் தொடங்கியது, தறிகளுக்கு முன்பணம் வந்தது, வேலை கிடைத்தது. ஆனால் வேலை கிடைப்பதும் இழந்தது திரும்புவதும் ஒன்றல்ல. வீடு இடிந்தவன் தன் கூலியிலிருந்து வீடு கட்டிக்கொண்டான் என்றால், இடித்தவனின் கடனை இழந்தவனே அடைத்தான் என்பதே அதன் பொருள்.

திரும்பிய எல்லையும் மக்களைக் கேட்டு வரையப்பட்டதல்ல. இன்று வழுதாவூர் சாலையில் தொழிற்பேட்டையும் லாரிகளுமாக இருக்கும் மேட்டுப்பாளையம் உழவர்கரைப் பக்கத்தைச் சேர்ந்தது. உழவர்கரையும் அதை ஒட்டிய சில ஊர்களும் 1706இல் நவாப் தாவூத்கான் கொடையாகப் பிரெஞ்சுக்காரருக்கு வந்தவை. 1763 உடன்படிக்கை 1749ஐ எல்லை ஆண்டாக வைத்ததால் அவை திரும்பின. வில்லியனூரும் பாகூரும் அந்த ஆண்டின் தொடக்கத்துக்குப் பின்னர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் அரசியலால் வந்தவை என்பதால் அந்த வரம்புக்கு வெளியே போயின. இருபது ஆண்டு கழித்து, 1783இல் வெர்சாய் உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சூழ்ந்த பாதுகாப்பு நிலமாக அந்த இரண்டு வட்டங்களையும் பிரான்சுக்குப் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து ஏற்றது. அதே சாலையில் மேற்கே போனால் வரும் வழுதாவூர் வெளியே நின்றுவிட்டது, இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் நகரக் கோட்டையின் ஒரு வாசலுக்கே வழுதாவூர் வாசல் என்று பெயர். ஒரே சாலையின் ஓரத்தில் அடுத்தடுத்து இருந்த ஊர்கள் வெவ்வேறு சட்டத்தின் கீழும் வெவ்வேறு வரியின் கீழும் போனதற்கு, ஐரோப்பாவில் ஒரு மேசையில் எந்த ஆண்டைக் கணக்கின் தொடக்கமாக வைப்பது என்று நடந்த பேரமும் ஒரு காரணம்.

எதிரி பறித்ததைப் பற்றி மட்டும் பேசினால் கணக்கு முழுமையாகாது. 1748 செப்டம்பரில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பொஸ்காவன் படையோடு வருகிறார் என்ற பரபரப்பில், பாதிரிமாரின் சம்பா கோவில் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு நிர்வாகமே இடித்தது. போர்ப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் பாதிரிமார் பல்லாண்டாக அதைக் கேட்டுவந்தார்கள் என்பதும், துய்ப்ளேக்சின் மனைவி அதில் காட்டிய முனைப்பும் பிள்ளையின் நாட்குறிப்பில் வெளிப்படையாக இருக்கின்றன. முற்றுகை தோற்றது, பொஸ்காவன் திரும்பிப் போனார், ஆபத்து நீங்கியது. கோயில் மனை மட்டும் கோயிலாருக்குத் திரும்பவில்லை. பின்னாளில் மக்களின் பொருளுதவியால் வேறிடத்தில் எழுந்த கோயில்தான் இப்போது மகாத்மா காந்தி சாலையில் இருக்கிறது. நான்கு முறை ஊரைத் திருப்பிக் கேட்டுப் பெற்ற ஓர் அரசு, தன் கையால் பறித்த ஒரு மனையை ஒருமுறைகூடத் திருப்பித் தர நினைக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. பதினெட்டாம் நூற்றாண்டின் உடன்படிக்கைகள் அரசர்களுக்கு இடையிலானவை, குடிகளின் இழப்பை அவை பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் காலத்து நீதியை அவர்கள் தலையில் சுமத்துவதாகும் என்பார்கள். இதற்குப் பதில் அதே 1763 உடன்படிக்கையின் நான்காம் பிரிவில் இருக்கிறது. கனடாவைப் பிரான்ஸ் இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுத்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக் குடிகள் தம் மத வழிபாட்டைத் தொடரலாம், வெளியேற விரும்புவோர் பதினெட்டு மாதத்துக்குள் தம் உடைமையை விற்றுக்கொண்டு போகலாம் என்று அந்தப் பிரிவு உறுதி சொல்கிறது. ஆக, அரசர்களின் தாளில் குடிகளுக்கும் குடிகளின் வீட்டுக்கும் இடம் இருந்தது. ஏழு பிரிவுகள் தள்ளி, அதே தாளில், அதே கைகள் எழுதிய பதினோராம் பிரிவில் அந்த இடம் இல்லை. காலம் அறியாமையால் விட்டது என்று இதைச் சொல்ல முடியாது. கியூபெக்கின் குடியானவன் கணக்கில் வந்தான், புதுச்சேரியின் நெசவாளி வரவில்லை.

இந்த மண்ணின் நீதியும் அதை அறியாததல்ல. களவுபோன பொருளை மீட்டு உரியவருக்குக் கொடுப்பது அரசன் கடமை, மீட்க முடியாவிட்டால் தன் கருவூலத்திலிருந்து ஈடு செய்யவேண்டும் என்று அர்த்தசாஸ்திரமும் தரும நூல்களும் விதிக்கின்றன. அந்த விதி எத்தனை இடத்தில் கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு. இழந்தவனிடமே திரும்பவேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அடுத்த சுற்றுகளை விரைவாகக் கடக்கலாம். 1778 அக்டோபரில் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோவிடம் பிரெஞ்சு ஆளுநர் பெல்கோம் பணிந்தார், 1785இல் ஊர் திரும்பியது. 1793இல் மறுபடி விழுந்தது. 1802இல் ஆமியேன் உடன்படிக்கை திருப்பித் தரச் சொல்லியும், 1803இல் பிரெஞ்சுக் கப்பல் வந்து சேர்வதற்குள் ஐரோப்பாவில் மீண்டும் போர் மூண்டதால் கைக்கு எட்டவில்லை. இந்தக் காலத்துக்கும் தமிழில் சாட்சிகள் உண்டு. ஊர்க்காவல் தலைமை வகித்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார், அடுத்து ஆனந்தரங்கரின் குடும்பத்தைச் சேர்ந்த முத்துவிஜய திருவேங்கடம் பிள்ளை எழுதினார். ஊர் யார் கையில் இருந்தாலும் ஊரை நடத்தியவர்கள் எழுதிய பதிவுகள் இவை. இவற்றை உடன்படிக்கைத் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேர்விடவில்லை என்பது வருத்தம்.

1816 டிசம்பர் 4இல் துப்புய் பிரபுவிடம் நான்காம் முறை ஊர் ஒப்படைக்கப்பட்டபோது அது பல்லில்லாத ஊர். 1814 பாரீஸ் உடன்படிக்கை 1792 ஜனவரி 1ஆம் தேதி நிலையைத் திருப்பித் தந்தது, ஆனால் கோட்டை கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்று கட்டியது. 1815 மார்ச்சில் லண்டனில் உப்பு பற்றி ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமைக்காக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு வந்தது. 1818இல் உப்பு விளைவிப்பதையே நிறுத்த ஒப்பினார்கள். அப்போது உப்பள உடைமையாளர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் என்று ஒரு தொகை குறிக்கப்பட்டது. என் வாதத்துக்கு இது இடறல் என்று சிலர் சொல்லக்கூடும், உள்ளூர்க்காரர் இழப்புக்கு ஈடு இங்கே வந்துவிட்டதே என்று. எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. ஒருமுறை எண்ண மனம் வந்தபோது, பாத்திக்கு உடையவன் யார், அவன் இழப்பது எவ்வளவு என்று எண்ண முடிந்தது. 1765இலும் முடிந்திருக்கும். 1818இலும்கூட அளத்தின் உரிமையாளர்தான் எண்ணப்பட்டார். உப்பு வாரிய கைகள் வேறு வேலை தேடிப் போயின.

1954 இவற்றிலிருந்து வேறுபட்டது. அதுவரை நடந்தவை யாவும் ஐரோப்பிய அரசுகளுக்கிடையே. இப்போது முதன்முறையாக ஒரு தரப்பில் இந்தியா. அந்த நாள் தானாக வந்ததல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான 12 தொழிலாளர்களும், வ.சுப்பையா போன்றோர் நடத்திய நீண்ட போராட்டமும் அதற்கு முன்னே இருக்கின்றன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர், 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 178 பேர் ஊராகிவிடுவார்களா, நேரடி வாக்கெடுப்பு ஏன் இல்லை என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் நியாயமானதே. ஆனாலும் அதற்கு முந்தைய நான்கு ஒப்படைப்புகளில் கேட்கப்பட்டவர் எண்ணிக்கை சுழியம் என்பதை மறக்கக்கூடாது. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, கனடாக்காரருக்கு 1763இல் கிடைத்ததைப் போன்ற ஒன்றைப் புதுச்சேரிக்காரருக்கு இருநூறு ஆண்டு பிந்திக் கொடுத்தது: எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்பதை ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கும் உரிமை. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தார்கள், அவர்களில் பலர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின், குடும்பத்தினர்.

அந்த உடன்படிக்கையே, 1955 மார்ச்சில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரியில் தொடரும் என்றும் உறுதி சொன்னது. திருப்பித் தருதலின் வரலாற்றில் இந்தப் பிரிவு ஓர் எதிர்பாராத திருப்பத்துக்கு வழிவிட்டது. அந்த நிறுவனத்தின் ஒளிப்படக்காரர்கள் 1950களிலிருந்து தமிழகத்துக் கோயில் கோயிலாகப் போய்ச் செப்புத் திருமேனிகளைப் படமெடுத்தார்கள். ஊரும் கோயிலும் ஆண்டும் குறித்த அந்தப் படங்கள் பிற்பாடு களவுபோன சிலைகளுக்குச் சாட்சியாயின. மயிலாடுதுறைப் பக்கத்து ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலின் ராமர், சீதை, லட்சுமணர் 1978இல் திருடப்பட்டனர். 1958இல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு அவை அடையாளம் காணப்பட்டு, 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, நவம்பரில் தமிழகம் வந்து சேர்ந்தன. 1982இல் கல்லிடைக்குறிச்சியில் களவுபோன நடராசர் 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கும் புதுச்சேரிப் படம் ஆதாரம். இந்த ஒப்படைப்புகளில் தருபவரும் பெறுபவரும் இன்னமும் அரசுகளே. ஆனால் எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து போனது என்பது தாளில் முதல் வரியாக நிற்கிறது, அது இல்லாமல் கோரிக்கையே எழாது. வேதபுரீசுவரர் கோயிலுக்கு 1748இல் படமெடுக்க ஆளில்லை. யார் இடித்தார்கள், எந்த நாளில், எந்தப் பொருளை எங்கே கொண்டுபோனார்கள், தடுக்கப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் அரசின் துபாஷியாக இருந்த ஒருவர் தம் சொந்த ஏட்டில் தமிழில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரியும். உரிமை கோருவதற்கு அந்த ஏடு போதுமா என்பதை இதுவரை எவரும் எந்த மன்றத்திலும் வைத்துப் பார்க்கவில்லை.